பயிற்சி நிலையங்களுக்கு அரசுப் பணம் வரும் வழி: வணிகர்கள் அறிய வேண்டியவை



விலைவாசி, வரி, உரிமம், எடை முத்திரை என்று நம் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புள்ளவற்றை இதழில் படிப்பது நமக்குப் பழக்கம். முதியோர் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு எப்படிப் பணம் கொடுக்கிறது என்பது மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு பாக்கிக் கணக்கு எங்களுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது. அதை நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் மண்டியில் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர். கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். 2019-ஆம் ஆண்டு ஐப்பசியில், விடுதியோடு கூடிய ஒரு பயிற்சி நிலையத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா சாமான்கள் கடனாகக் கொடுக்கத் தொடங்கினார். மாதாமாதம் கொஞ்சம் பணம் வந்தது, கொஞ்சம் நின்றது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், நிலையம் பூட்டப்பட்டது. அன்றைய தேதிக்கு அவருக்கு நின்ற பாக்கி 1,86,000 ரூபாய். அதனால் அவர் எங்களுக்குத் தர வேண்டியதும் நின்றுபோனது.

"அண்ணாச்சி, கவர்மெண்ட் பணம்தானே, எங்கே போயிடப் போகுதுன்னு நினைச்சுக் கொடுத்துட்டேன்" என்றார்.

"கவர்மெண்ட் பணம் எங்கேயும் போகாது தம்பி. ஆனா எதுக்கு வரும், எப்போ வரும்னு கேட்டீங்களா?" என்றோம்.

அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் இடத்தில் இருந்தால் நாங்களும் கேட்டிருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்தும், அரசு வெளியிட்ட விதிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டும் தெரிந்துகொண்டோம். அதை வரிசையாகச் சொல்கிறோம்.

மையத்தை எண்ணிக் கொடுத்த காலம்

நாங்கள் மண்டியில் உட்கார்ந்த ஆண்டு 1980. அப்போது ஊருக்கு ஊர் முதியோர் கல்வி மையங்கள் இருந்தன. இரவு ஏழு மணிக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அந்த மையங்களுக்கு வேராக இருந்தது 1978 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம். 15 முதல் 35 வயது வரை உள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் எழுத்தறிவு தருவது அதன் இலக்கு. மையம் ஒன்றுக்குச் சுமார் 30 பேர். கற்பிப்பவருக்குச் சிறு மதிப்பூதியம். விளக்கு, சிலேட்டு, புத்தகச் செலவு. மையங்களை அரசே நடத்தியதும் உண்டு, தொண்டு நிறுவனங்கள் மானியம் பெற்று நடத்தியதும் உண்டு.

இதில் பணத்துக்கு அளவுகோல் மையம். மையம் இருந்தால் பணம் உண்டு. முப்பது பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள், எத்தனை பேர் படிக்கக் கற்றார்கள் என்பது இரண்டாவது கேள்வி. நன்றாக நடந்த மையங்கள் பல உண்டு. வருகைப் பதிவேட்டில் மட்டும் நடந்த மையங்களும் உண்டு. குடோன் இருப்பைக் கொண்டு வியாபாரத்தை மதிப்பிடுவது போன்றது இது. குடோன் நிறைந்திருக்கும், சரக்கு விற்றதா என்பது தெரியாது.

இயக்கத்துக்குக் கொடுத்த காலம்

அடுத்த மாற்றம் 1988-இல் வந்தது. அந்த ஆண்டு மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989 ஜனவரியில் தொடங்கிய முழு எழுத்தறிவு முயற்சி, 1990 பிப்ரவரி 4 அன்று வெற்றி கண்டதாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து நாடெங்கும் மாவட்டவாரியாக இயக்கங்கள் எழுந்தன. நம் தமிழ்நாட்டில் அதற்கு அறிவொளி இயக்கம் என்று பெயர். 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளியில் கல் குவாரிப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும்.

பணம் வந்த வழியும் மாறியது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட எழுத்தறிவுச் சங்கத்துக்கு மொத்தமாக நிதி வந்தது. மத்திய அரசு இரண்டு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு. கற்பித்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லோரும் தொண்டர்கள். பணம் புத்தகத்துக்கும், பயிற்சிக்கும், கலைப் பயணத்துக்கும் செலவானது.

எங்கள் மண்டிச் சுமைப்பணியாளர் ஒருவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து இருக்கும். மூட்டையில் இருக்கும் சாயக் குறியைப் பார்த்துத்தான் எது துவரை, எது உளுந்து என்று சொல்வார். அறிவொளிக் காலத்தில் ஒரு கல்லூரி மாணவி, ஒரு பைசா வாங்காமல், அவருக்கும் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் எங்கள் மண்டித் திண்ணையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, வேறு கடைக்குப் போக வேண்டிய பன்னிரண்டு மூட்டைகளை லாரிக்காரர் எங்கள் வாசலில் இறக்கப் பார்த்தபோது, ரசீதைப் படித்துப் பார்த்துத் தடுத்தவர் அந்தச் சுமைப்பணியாளர்தான். அன்று கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. அந்தப் படிப்புக்கு அரசு செலவழித்ததைப் போல எத்தனையோ மடங்கு அன்று ஒரே நாளில் எங்களுக்கு மிச்சமானது.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. இயக்கம் என்பது திருவிழா போன்றது. தேர் ஓடும் வரை ஊரே கூடும், பிறகு கலையும். புதிதாகக் கற்றவர் மறக்காமல் இருக்கத் தொடர் வாசிப்பும் சிறு நூலகமும் வேண்டும். அதற்கான தொடர்கல்வித் திட்டங்கள் வந்தன என்றாலும், முதலில் இருந்த வேகமும் பணமும் எல்லா ஊரிலும் தொடரவில்லை. திண்ணையில் கற்ற ஏழெட்டுப் பேரில் எழுத்தைத் தக்கவைத்துக்கொண்டவர் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தினமும் கடையில் எதையாவது படித்தே ஆக வேண்டிய வேலையில் இருந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; முடிவில் மீண்டும் வருவோம்.

ஊக்குநருக்குக் கொடுத்த காலம்

2009 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, சாக்ஷர் பாரத் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. 7 கோடிப் பேருக்கு எழுத்தறிவு. அதில் 6 கோடிப் பேர் பெண்கள் என்பது இலக்கு. செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 75, மாநில அரசு 25 என்ற பங்கீடு. ஊராட்சிதோறும் ஒரு கல்வி மையம்; அதற்கு இரண்டு ஊக்குநர்கள்; ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம்.

இத்திட்டம் 2018 மார்ச் 31-உடன் முடிந்தது. மாதம் 2,000 ரூபாயை நம்பியிருந்த ஊக்குநர்களின் பணியும் அத்தோடு முடிந்தது. திட்டத்துக்குத்தான் பணம், மனிதருக்கு அல்ல என்பதை அவர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

அதன்பின் 2020-21-இல் 'படனா லிக்னா அபியான்' என்ற சிறு திட்டம், தமிழ்நாட்டில் 'கற்போம் எழுதுவோம் இயக்கம்' என்ற பெயரில் நடந்தது. 2022 முதல் 2027 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. 2023 முதல் இதற்கு 'உல்லாஸ்' என்ற பெயரும் வழங்குகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடிப் பேர் இலக்கு. மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி.

நாம் வியாபாரிகள், வகுத்துப் பார்க்காமல் விட மாட்டோம். 1,037.90 கோடியை 5 கோடிப் பேருக்கு வகுத்தால் ஆள் ஒன்றுக்குச் சுமார் 207 ரூபாய். இதில் கற்பிப்பவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆகவேதான் இத்திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பி அமைக்கப்பட்டுள்ளது. கற்றவருக்கு வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

தலையை எண்ணிக் கொடுக்கும் முறை

இதுவரை சொன்னது எழுத்தறிவு. தொழிற்பயிற்சிக்கு வந்தால் பணம் பெரியது, கணக்கும் வேறு.

2015-இல் மத்திய அரசு பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனாவை 1,500 கோடி ரூபாயில் தொடங்கியது. 2016 முதல் 2020 வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு 12,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அறிவித்தது. தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் பதிவு செய்துகொண்டு பயிற்சி கொடுத்துப் பணம் பெறலாம். பல அமைச்சகங்கள் ஆளுக்கொரு விகிதத்தில் பணம் தந்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த, 2015 ஜூலையில் பொது நெறிமுறைகளும் வெளியாயின.

அதன்படி, பயிற்சியின் வகையைப் பொறுத்து ஆள் ஒருவருக்கு மணிக்கு 38.50, 33.00, 27.50 ரூபாய் என்று மூன்று விகிதங்கள். பின்னர் இவை உயர்த்தப்பட்டன. விடுதிச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் ஊரின் தரத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு ஆளுக்கு 175 முதல் 300 ரூபாய் வரை, உண்மையில் செலவானதைக் கணக்குக் காட்டிப் பெறலாம்.

நாம் கவனிக்க வேண்டியது தவணையை. பயிற்சிப் பணம் மூன்று தவணையாக வரும். பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம். பயிற்சி முடிந்து, வெளியார் வைக்கும் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம். வேலைக்குச் சேர்ந்தது உறுதியானதும் மீதி 20 சதவீதம். இந்தக் கடைசித் தவணைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. தேறியவர்களில் 70 சதவீதம் பேராவது மூன்று மாதத்துக்குள் வேலையோ சொந்தத் தொழிலோ பெற்றிருந்தால் முழுத் தொகை. 50 முதல் 70 வரை என்றால் அந்த அளவுக்கு. 50-க்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர்கள் நமக்கு வைக்கும் டார்கெட் ஸ்கீமைப் போலவே இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பு. 300 மணி நேரப் பயிற்சி. மணிக்கு 33 ரூபாய் என்றால் ஆளுக்கு 9,900 ரூபாய். முப்பது பேருக்கு 2,97,000 ரூபாய். நிலையம் நடத்துபவர் மனத்தில் வைத்துக்கொள்ளும் தொகை இதுதான். நம் கடைக்கு வந்து கடன் கேட்கும்போது சொல்லும் தொகையும் இதுதான்.

தொடக்கத்தில் கைக்கு வருவது 30 சதவீதம், அதாவது 89,100 ரூபாய். இடையில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 24 பேரும் தேறினால் இரண்டாம் தவணை 1,18,800 ரூபாய். அந்த 24 பேரில் 17 பேருக்கு வேலை கிடைத்தால் மூன்றாம் தவணை 47,520 ரூபாய். 11 பேருக்குத்தான் கிடைத்தது என்றால் பூஜ்யம்.

இப்போது கூட்டுங்கள். 2,97,000 என்று எண்ணியிருந்த இடத்தில் வந்தது 2,07,900. ஆனால் ஆசிரியர் சம்பளம், கட்டட வாடகை, கரண்ட் பில் எல்லாம் முப்பது பேருக்கும் ஒன்றுதான், இருபத்து நான்கு பேருக்கும் ஒன்றுதான். அதிலும் தேர்வு நடந்து, முடிவு பதிவாகி, இரண்டாம் தவணை வரும் வரை முதல் தவணை 89,100-ஐ வைத்தே ஓட்ட வேண்டும். விடுதிச் செலவோ முன்னால் செய்துவிட்டுப் பின்னால் கேட்டுப் பெறுவது.

கைமுதல் உள்ள பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். பத்து நிலையங்களில் ஒன்றில் நின்றாலும் மற்றதில் ஈடுகட்டும். ஒரே நிலையம் வைத்திருக்கும் சிறியவர் என்ன செய்வார்? வாடகையைத் தள்ளுவார், ஆசிரியர் சம்பளத்தைத் தள்ளுவார், கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்வார். அரசு பின்னால் தருவதாகச் சொன்ன பணத்துக்கு உண்மையில் முன்பணம் போட்டவர் நம் மளிகைக்காரர். அவருக்கு அது தெரியாது, வட்டியும் கிடையாது.

எங்கள் வாடிக்கையாளருக்கு நடந்தது இதுவே. ஊரடங்கு வந்தபோது அந்த வகுப்புக்குப் பயிற்சி முடிந்திருந்தது, தேர்வு நடக்கவில்லை. தேர்வு இல்லை என்றால் இரண்டாம் தவணை இல்லை. அந்த ஆண்டு யார் வேலை கொடுத்தார்கள்? மூன்றாம் தவணையும் இல்லை. நிலையம் நடத்தியவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவரும் நகையை அடகு வைத்தவர்தான். இரண்டு ஆண்டுகளில் சிறுகச் சிறுக 1,10,000 ரூபாய் கொடுத்தார். மீதி 76,000 ரூபாயை நம் சில்லறை வியாபாரி பேரேட்டில் அடித்துவிட்டார். எங்கள் பாக்கியை மட்டும் முழுவதும் அடைத்தார். அதை நாங்கள் என்றும் மறக்க மாட்டோம்.

எதை அளக்கிறார்களோ அது விளையும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அரசு அளந்துதான் போடுகிறது. ஆனால் எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தே விளைச்சல். மையத்தை அளந்தபோது மையங்கள் பெருகின. தலையை அளந்தபோது தலைகள் பெருகின. தையல், கணினி, விற்பனை உதவியாளர் என்று எளிதில் ஆள் சேரும் பயிற்சிகளில் கூட்டம் சேர்ந்தது. வேலையை அளந்தபோது வேலை நியமனக் கடிதங்களுக்குத் தேவை பெருகியது. அத்தகைய கடிதம் கேட்டு நம் கடைகளுக்கே ஆட்கள் வந்ததுண்டு.

2016-இல் மத்திய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு, இலக்குகள் மிகப் பெரிதாக வைக்கப்பட்டதையும், எல்லோரும் எண்ணிக்கையின் பின்னால் ஓடியதையும் குறை கூறியது. 2021-இல் வந்த மூன்றாம் கட்டத்தில் ஒதுக்கீடு 948.90 கோடியாகவும் இலக்கு 8 லட்சம் பேராகவும் சுருங்கின. 2022-க்குப் பின் வந்த நான்காம் கட்டத்தில், முதல் மூன்று கட்டங்களில் இருந்ததுபோல் வேலை கிடைத்ததைப் பின்தொடர்ந்து கணக்கெடுக்கும் முறை விடப்பட்டு, பயிற்சி பெற்றவர் தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று ஆனது. 2025 பிப்ரவரியில் இத்திட்டத்தையும், தொழில் பழகுநர் திட்டத்தையும், மக்கள் கல்வி நிறுவனங்களையும் ஒரே ஸ்கில் இந்தியா திட்டத்தின்கீழ் கொண்டுவந்து, 2022-23 முதல் 2025-26 வரைக்கும் 8,800 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மக்கள் கல்வி நிறுவனம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும் தொழில் கற்றுத்தரும் பழைய ஏற்பாடு. 1967-இல் பம்பாய் ஒர்லியில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் வழியே மத்திய அரசின் மானியத்தில் நடக்கிறது. 2018-இல் இது கல்வி அமைச்சகத்தின் பொறுப்பிலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. நம் பகுதியில் இருந்தால் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் கடைப் பையன்களுக்கும் பயன்படும்.

இத்தனை மாற்றத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. திட்டத்தின் பெயர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாறும், அளவுகோலும் மாறும். பெயரை நம்பக் கூடாது. பணம் எதற்கு வருகிறது, எப்போது வருகிறது என்று கேட்டுத்தான் கடனும் கொடுக்க வேண்டும், ஆளும் அனுப்ப வேண்டும்.

கற்பவர் கைக்கே போகும் பணம்

நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஒன்று தொழில் பழகுநர் திட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இது. பெரிய ஆலைகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2019-இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் கட்டாயம். ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 4 பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். நான்கு பேர் வேலை செய்யும் மளிகைக் கடையும் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்த விதிகளில் வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை, ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டுக்கு 7,000. இதில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், 2016 முதல் மத்திய அரசு ஏற்கிறது. பத்தாம் வகுப்பு படித்த பையனுக்கு 6,000 என்றால் அரசு 1,500, கடைக்காரர் 4,500.

முன்பு முதலாளி முழுத் தொகையும் கொடுத்துவிட்டு அரசிடம் எழுதிக் கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். அலைச்சலுக்குப் பயந்தே பலர் ஒதுங்கினார்கள். 2023 முதல் அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. நம் கைமுதல் அரசிடம் நிற்பதில்லை. சிறு வியாபாரிக்கு இது நல்ல மாற்றம். சேர்க்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையையும் விதியையும் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இன்னொன்று, பணம் நாமே கொடுக்க வேண்டியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த பயிற்சியில், உரிமம் பெற்ற உணவு வணிக இடங்களில் 25 பணியாளருக்கு ஒருவராவது சான்று பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். கட்டணம் வியாபாரியுடையது. ஒரு கடைக்காரர் தனியே அனுப்புவதைவிட, சங்கத்தின் மூலம் பத்திருபது கடைகள் சேர்ந்து உள்ளூரிலேயே ஒரு நாள் ஏற்பாடு செய்தால் போக்குவரத்தும் கடையடைப்பும் மிச்சம்.

நாம் செய்ய வேண்டியவை

1. பயிற்சி நிலையத்துக்குச் சரக்குக் கடன் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திட்டம்? எந்தத் தவணை வந்துவிட்டது? அடுத்த தவணை எது நடந்தால் வரும்? மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவருக்கு ரொக்க வியாபாரம்தான் நல்லது.

2. விடுதிச் சாப்பாட்டுச் சரக்குக்கு வாரக் கணக்கு வையுங்கள். ஒரு வாரப் பாக்கியை அடைத்த பிறகே அடுத்த வாரச் சரக்கு. ஜி.எஸ்.டி. பில்லில் நிலையத்தின் பெயரையே எழுதுங்கள். அவர்கள் கணக்குக் காட்டிப் பணம் வாங்கவும் அது வேண்டும்.

3. கடை இடத்தையோ குடோன் மாடியையோ பயிற்சி நிலையத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், திட்டம் முடியும் மாதத்தைப் பார்த்து ஒப்பந்தம் போடுங்கள். 'திட்டம் நீட்டிப்பார்கள்' என்பது முன்பணம் ஆகாது.

4. வேலை கொடுக்காமல் வேலை நியமனக் கடிதம் கொடுக்காதீர்கள். பழக்கத்துக்காக எழுதித் தரும் ஒரு தாள், பொய்க் கணக்கில் நம் பெயரைச் சேர்த்துவிடும்.

5. பையன்களைப் பயிற்சிக்கு அனுப்பும் முன், சான்றிதழ் யார் தருகிறார்கள், தேர்வு யார் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நிலையம் நின்றாலும் பையனின் படிப்பு நிற்காமல் இருக்க அது ஒன்றே வழி.

கடைசியாக ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 80 சதவீதம். மீதி ஐந்தில் ஒருவர் எங்கோ இல்லை. நம் மண்டியில் மூட்டை தூக்குகிறார். நம் கடையில் பொட்டலம் மடிக்கிறார். மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுகிறார். ஆளுக்கு 207 ரூபாயை வைத்து அரசு மட்டும் அவருக்கு எழுத்தைக் கொடுத்துவிட முடியாது. கற்பிக்க ஆள் வேண்டும். நம் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உல்லாஸ் திட்டத்தில் தன்னார்வலராகப் பதிவு செய்தால் புத்தகமும் தேர்வும் அரசு பார்த்துக்கொள்ளும். பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் அரை மணி ஒதுக்குவது நம் பொறுப்பு.

முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். எங்கள் திண்ணையில் கற்றவர்களில் எழுத்தை மறக்காதவர்கள் கடையில் தினமும் படித்தவர்களே. அரசுத் திட்டம் வரும், போகும். ரசீதும், மூட்டைச் சீட்டும், விலைப் பட்டியலும் தினமும் வரும். கற்றவர் கையில் அவற்றைக் கொடுத்து "நீயே படிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்க நமக்கு யாருடைய தவணையும் வர வேண்டியதில்லை. இந்தத் தை மாதம் முதல் ஒவ்வொரு கடையிலும் ஒருவருக்காவது அதைத் தொடங்குவோமாக.